ஷோரூமில் நிற்கும் புதுக் காரும் சீட் பெல்ட்டும்: டீலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் ஷோரூம் நடத்துபவர்களும் அங்கே வேலை பார்க்கும் தம்பி தங்கைகளும் சீட் பெல்ட் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இரண்டு வகை. "இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா சார்?" என்பது ஒன்று. "கஸ்டமர் போட மாட்டேங்கிறார், நாங்க என்ன பண்றது?" என்பது மற்றொன்று. இரண்டுக்குமான பதில்கள் கீழே கலந்து வருகின்றன. எல்லாம் இந்தியச் சட்டத்தையும் இங்கே விற்கும் கார்களையும் வைத்துச் சொல்லப்பட்டவை.

டிஸ்ப்ளே காரில் ஏறி உட்காருபவர் பெல்ட் போட்டே ஆக வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 138(3) என்ற விதி இருக்கிறது. ஓட்டுநர், முன்சீட்டில் இருப்பவர், முன்னோக்கிய பின்சீட்டுகளில் இருப்பவர்கள் எல்லோரும் வண்டி ஓடும்போது பெல்ட் அணிய வேண்டும் என்பது அதன் சாரம். டைல்ஸ் தரையில் நிற்கும் கார் ஓடவில்லை, அதனால் விதி அங்கே வராது.

ஆனாலும் போடச் சொல்லிப் பார்ப்பது நல்லது, அதுவும் வியாபாரக் காரணத்துக்காகவே. வருகிறவர்கள் தொடுதிரையைப் பத்து நிமிடம் தடவுகிறார்கள், டிக்கியைத் திறந்து மூடுகிறார்கள், கதவைச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். தினமும் தோளில் ஏறப்போகும் பெல்ட்டை மட்டும் இழுத்துப் பார்ப்பதில்லை. உயரம் குறைவானவருக்குப் பெல்ட் கழுத்தை அறுக்கும். கதவோரத் தூணில் அதை ஏற்றி இறக்கும் வசதி சில மாடல்களில் மேல் வேரியன்ட்டில் மட்டும்தான் இருக்கும். இதை டெலிவரிக்குப் பிறகு கண்டுபிடிக்கிற கஸ்டமர் உங்களைத்தான் திட்டுவார்.

அப்படியென்றால் டீலரைப் பிடிக்கும் சட்டம் எது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 2019 திருத்தத்தின் மூலம் வந்த 182ஏ பிரிவு. வாகனக் கட்டுமானம், உபகரணம் பற்றிய ஏழாம் அத்தியாயத்துக்கும் அதன் கீழ் வரும் விதிகளுக்கும் பொருந்தாத வண்டியை ஒரு தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ டீலரோ விற்றால், டெலிவரி கொடுத்தால், மாற்றியமைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவில் டீலர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. விற்றால் மட்டும் குற்றம் என்று அது சொல்லவில்லை, விற்க முன்வந்தாலே குற்றம் என்கிறது. ஷோரூம் நடுவில் விலைப் பலகையோடு காரை நிறுத்திவைப்பது விற்க முன்வருவதுதானே என்று யாராவது வாதாடினால், மறுத்துப் பேசுவது எளிதல்ல. அதனால் "இது டிஸ்ப்ளே பீஸ், டெலிவரிக்கு முன்னால சரி பண்ணிடுவோம்" என்ற வசனத்தை நம்பிப் பெல்ட்டைக் கழற்றிவைப்பது, பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிளை இன்னொரு வண்டிக்குக் கடன் கொடுப்பது போன்ற வேலைகளை விட்டுவிடுங்கள். ஒரு வண்டியின் பாகத்தை எடுத்து இன்னொரு வண்டியின் டெலிவரியை முடிப்பது யார்டுகளில் நடக்கிற கதைதான். வைப்பரில் செய்தால் தலைவலியோடு போகும். பெல்ட்டில் செய்தால் அதோடு நிற்காது.

புதுக் காரில் பெல்ட் தொடர்பாக என்னென்ன இருந்தாக வேண்டும்?

அதே 1989 விதிகளில் பெல்ட்டைப் பற்றியது 125-ஆம் விதி. முன்சீட் பெல்ட் கட்டாயம் 1990-களிலேயே வந்துவிட்டது, பின்சீட்டு அதற்குப் பிறகு சேர்ந்தது. 2019 ஜூலை 1 முதல் தயாரான பயணிகள் கார்களில் ஏ.ஐ.எஸ்.-145 என்ற இந்திய வாகனத் தரப்படி ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பெல்ட் நினைவூட்டி கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவையும் அதே நாளில்தான் வந்தன.

2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்பது அப்போது நாடு முழுக்கப் பேச்சானது. அதே மாதம் பின்சீட்டுக்கும் நினைவூட்டி வேண்டும் என்ற வரைவு அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட்டது. இப்போது ஷோரூமுக்கு வருகிறவர்கள் பின்சீட் பெல்ட்டைப் பற்றித் தாங்களாகவே கேட்கிறார்கள் என்றால் அந்த விபத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ரேம்பில் ஏற்றி நிறுத்திய காரில் பெல்ட் இழுக்க வரவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. இது அருமையான கேள்வி, ஏனென்றால் கஸ்டமர் முன்னால் இப்படி நடந்து, "புது வண்டியிலேயே பெல்ட் ஜாம்" என்று அவர் எழுந்து போன இடங்கள் உண்டு.

பெல்ட்டைச் சுருட்டி வைத்திருக்கும் பெட்டிக்குள் இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் பெல்ட் எவ்வளவு வேகமாக வெளியே இழுபடுகிறது என்று பார்ப்பவர்; வெடுக்கென்று இழுத்தால் பூட்டிவிடுவார். இன்னொருவர் வண்டியின் அசைவையும் சாய்வையும் பார்ப்பவர்; உள்ளே ஒரு சிறு உருண்டையோ எடையோ தன் இடத்திலிருந்து நகர்ந்தால் பல்சக்கரம் மாட்டிக்கொள்ளும். சாய்வு விஷயத்தில் ஐ.நா.வின் 16-ஆம் எண் ஒழுங்குமுறை சொல்லும் கணக்கு இது: பொருத்தப்பட்ட நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். இடைப்பட்ட சாய்வில் மாடலுக்கு மாடல் வித்தியாசப்படும்.

எஸ்.யூ.வி. என்றால் ஒரு பக்கச் சக்கரத்தைப் பாறை மாதிரிச் செய்த மேடையில் ஏற்றி நிறுத்துவது இப்போது வழக்கம். அந்தச் சாய்வில் பெல்ட் பூட்டிக்கொண்டால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி, பெல்ட்டைக் கொஞ்சம் உள்ளே விட்டு, மெதுவாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் கவலை இல்லை. சமதளத்திலும் அடம்பிடித்தால் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

மேடையில் நிற்கும் வண்டியில் ஆளை ஏற்றாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் செல்ஃபிக்காக ஏறுகிறார்கள், ஷோரூம்காரர்களும் சிரித்துக்கொண்டே விடுகிறார்கள்.

டெலிவரிப் பூஜையின்போது எலுமிச்சம்பழம் நசுக்கக் காரை ஓரடி நகர்த்துவார்கள். அதற்கும் பெல்ட்டா?

ஆமாம், கட்டாயம் போடச் சொல்லுங்கள். 2025 செப்டம்பரில் டெல்லி நிர்மான் விஹாரில் ஒரு ஷோரூமில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். புதிதாக வாங்கிய எஸ்.யூ.வி.யை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றப் போய், வண்டி முதல் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது.

புது வண்டி, பழகாத பெடல், கிளட்ச்சிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறிய கால், சுற்றி நின்று கைதட்டும் குடும்பம், வீடியோ எடுக்கும் மைத்துனர். இத்தனையும் சேர்ந்து அமையும் இடம் வேறு எது? நெடுஞ்சாலையில் கூட இல்லை. என்னைக் கேட்டால் ஷோரூமில் மிக ஆபத்தான நேரம் அந்த ஓரடிதான். டெலிவரி பகுதி தரைத்தளத்தில், திறந்த பக்கம் நோக்கி இருக்க வேண்டும். வண்டிக்கு நேர் முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. உங்கள் ஆள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, இருவரும் பெல்ட் போட்ட பிறகே ஸ்டார்ட் பட்டன். முடிந்தால் பழத்தை நசுக்கும் வேலையை உங்கள் டிரைவரே செய்து கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தரட்டும். "முதல்ல நாங்கதான் ஓட்டணும்" என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். வண்டியை வாசலுக்குக் கொண்டுபோய், சமதளத்தில், எதிரே வெறும் வெளி இருக்கும்படி நிறுத்திக் கொடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் கஸ்டமர் பெல்ட் போடவில்லை. அபராதம் யாருக்கு?

சட்டம் ஓட்டுபவரைப் பார்க்கிறது. 194பி பிரிவின்படி பெல்ட் அணியாமல் ஓட்டினாலும் 1,000 ரூபாய், பெல்ட் அணியாதவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினாலும் 1,000 ரூபாய். அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. அவர்கள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டியில் இருந்தால் அதற்கும் 1,000. பின்சீட்டில் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பத்தோடு டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம், ஆகவே இரண்டு உட்பிரிவுகளும் ஒரே ரவுண்டில் வந்துவிடலாம்.

நடைமுறையில் நடப்பது வேறு. போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினால் ஓட்டுபவரிடம் பேசுவார். கேமரா பிடித்தால் சலான் டெமோ கார் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேருக்கு வரும், அதாவது உங்கள் கம்பெனிக்கு. வண்டி வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் போன் போட்டு "சார், ஆயிரம் ரூபாய் ஃபைன் வந்திருக்கு" என்று எந்த எக்சிகியூட்டிவும் கேட்கப் போவதில்லை. ஆகவே டெஸ்ட் டிரைவ் படிவத்திலேயே, ஓட்டுநர் உரிமத்தின் நகலுக்குப் பக்கத்தில், போக்குவரத்து விதிமீறல் அபராதம் ஓட்டுபவரின் பொறுப்பு என்ற வரி இருக்கட்டும். படிவத்தை நீட்டும்போதே பெல்ட் பேச்சும் இயல்பாக வந்துவிடும்.

இன்னொன்று. டிஸ்ப்ளேயில் நிற்கும் பதிவாகாத காரை "ஒரு ரவுண்டு மட்டும்" என்று சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பதிவாகாத வண்டிக்கு வர்த்தகச் சான்றிதழும், சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து எண்ணும் வேண்டும். பதிவு செய்த டெமோ கார் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

"பக்கத்துல தானே, எதுக்கு பெல்ட்டு?" என்று கேட்கிற கஸ்டமரிடம் என்ன சொல்வது?

உபதேசம் எடுபடாது. அவர் காசு கொடுக்க வந்தவர், நீங்கள் கண்டிப்பாக ஏதாவது சொன்னால் முகம் மாறும். எடுபடுவது இரண்டு. ஒன்று, நீங்கள் முதலில் போடுவது. பக்கத்துச் சீட்டில் ஏறியதும், அவர் கண்ணாடியைச் சரிசெய்வதற்கு முன்பே, கிளிக் சத்தம் கேட்க வேண்டும். அதைக் கேட்டதும் பாதிப் பேருக்குக் கை தானாகத் தோளுக்குப் போகும்.

இரண்டாவது, பெல்ட்டை வண்டியின் ஒரு வசதியாகக் காட்டுவது. "அண்ணே, இதைப் போட்டீங்கன்னாதான் சவுண்டு நிக்கும், மத்த ஃபீச்சரெல்லாம் அமைதியா காட்டலாம்" என்று சொல்கிற ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். பொய்யும் இல்லை, அதட்டலும் இல்லை. அம்மாக்களிடம் "சேலை கசங்கும்" என்ற தயக்கம் இருக்கும். இடுப்புப் பகுதியைக் கீழே இறக்கித் தொடைக்கு மேலாகப் படும்படி வைத்து, தோள்பகுதி கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே வருமாறு போட்டுக் காட்டினால் கசங்குவது குறைவு என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதைக் காட்டப் பெண் ஊழியர் ஒருவர் இருந்தால் இன்னும் சுலபம்.

விடாப்பிடியாகக் கேட்பவருக்கு எண்ணைச் சொல்லுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஓட்டுநர்கள் 8,384; பயணிகள் 8,331. ஏறக்குறையச் சரிபாதி. "நான்தான் ஓட்டறேன், பின்னாடி இருக்கவங்களுக்கு என்ன" என்பவருக்கு அந்த இரண்டாவது எண்ணே பதில்.

"ஆறு ஏர்பேக் இருக்கே, அப்புறம் பெல்ட் எதுக்கு?"

ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் போட்ட உடம்பு எந்த இடத்தில், எந்த நேரத்தில் முன்னால் வரும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்தது அது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் பையை நோக்கி, பெல்ட் இல்லாத உடம்பு முன்கூட்டியே பாய்ந்திருந்தால் காப்பாற்ற வேண்டிய பையே அடிக்கும். பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் திறக்காது என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதை எல்லா வண்டிக்கும் உண்மை போல் சொல்லாதீர்கள்; பெரும்பாலான கார்களில் மோதலின் வேகத்தைப் பொறுத்து அது திறந்துவிடும், சிக்கலே அங்கேதான்.

போர்டு எழுதும்போது இதையும் கவனியுங்கள். "5 ஸ்டார் பாதுகாப்பு" என்று கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன் எந்தச் சோதனை, எந்த வேரியன்ட் என்று பாருங்கள். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் இந்தியத் திட்டமான பாரத் என்.சி.ஏ.பி. 2023 ஆகஸ்ட் 22 அன்று அறிமுகமாகி அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பெரியவர் பாதுகாப்புக்கு 32 புள்ளிகள், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49. முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். அந்தச் சோதனையில் உட்காரும் பொம்மைகள் எல்லாம் பெல்ட் போட்டவை. நட்சத்திரம் வாங்கியது பெல்ட் போட்ட பொம்மை, போடாதவருக்கு அந்த நட்சத்திரம் சேராது. இல்லாத மதிப்பீட்டைச் சொல்லி விளம்பரம் செய்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

அக்சசரிஸ் கவுண்டரில் அலாரத்தை நிறுத்தும் கிளிப் வைக்கலாமா? எல்லோரும் கேட்கிறார்கள்.

வைக்காதீர்கள், இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள். பக்கிளுக்குள் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக வண்டியை ஏமாற்றும் அந்த உலோகத் துண்டுக்காக 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து தளங்களுக்கு எதிராக உத்தரவு போட்டது. மொத்தம் 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன. இணையத்தில் விற்றதற்கே இந்த நடவடிக்கை என்றால், காரையே விற்கும் இடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் அதை அடுக்கிவைப்பது எப்படி இருக்கும்?

வண்டியின் கணினியில் ஸ்கேனர் மாட்டி நினைவூட்டியை அணைத்துத் தரச் சொல்வோரும் உண்டு. இது கிளிப்பைவிட மோசம். கட்டாய உபகரணம் ஒன்றை டீலரின் கையே மாற்றுகிறது, மேலே சொன்ன 182ஏ பிரிவில் "மாற்றியமைத்தால்" என்ற சொல் இதற்கு நேராகப் பொருந்தும். கஸ்டமர் தானாக வெளியே செய்துகொண்டால் அவருக்கு அதே பிரிவின் வேறு உட்பிரிவு இருக்கிறது.

பக்கத்துச் சீட்டில் பையோ தண்ணீர் கேனோ வைத்தால் கத்துகிறது என்பது பலரின் நியாயமான புகார். சீட்டுக்கு அடியில் எடை உணரும் சென்சார் இருக்கிறது, பையைத் தரையில் வையுங்கள் என்று டெலிவரி அன்றே சொல்லிவிட்டால் கிளிப் தேடும் பேரில் பாதி குறையும்.

சீட் கவருக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. டெலிவரிக்கு முந்தின நாள் மாலை கவர் போடும் பையன் வருவான். பின்சீட்டுக் கவரை இழுத்து மாட்டும்போது மூன்று பக்கிள்களும் அடியில் அமுங்கிப்போகும். சில சமயம் வேண்டுமென்றே அமுக்குவார்கள், கவர் சுருக்கமில்லாமல் தெரிய வேண்டுமே! மறுநாள் கஸ்டமர் பின்சீட்டில் பெல்ட் இழுத்தால் செருக இடம் இல்லை. இரண்டு விரலை விட்டுத் தோண்டி எடுக்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது? அந்த வண்டியில் பின்சீட் பெல்ட் அதன் வாழ்நாள் முழுக்க யாராலும் போடப்படாமல் போகும். கவர் மாட்டியதும் ஒவ்வொரு பக்கிளும் வெளியே நிமிர்ந்து நிற்கிறதா, ஒரு கையால் செருக முடிகிறதா என்று பார்த்துவிட்டே கூலி கொடுங்கள்.

சீட்டின் வெளி ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அந்த இடத்தில் கிழியும்படி தைத்த கவர்தான் போட வேண்டும். தயாரிப்பாளரே அங்கீகரித்த கவர் விலை கூடத்தான். கூடட்டும்.

டெலிவரிக்கு முந்தைய சோதனையில் பெல்ட்டை எப்படிப் பார்ப்பது? எங்கள் தாளில் "சீட் பெல்ட் – ஓகே" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

அந்த ஒரு கட்டமே பிரச்சினை. ஐந்து சீட்டுக்கு ஐந்து கட்டம் போடுங்கள்.

பெல்ட்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுக்க வேண்டும். பாதி இழுத்துவிட்டு டிக் அடிப்பதுதான் வழக்கம். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டி நசுங்கிய தழும்பு இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். கடைசி இரண்டு அடியில்தான் விஷயம் இருக்கும். சென்னையில் மழைக்காலத்தில் தாழ்வான யார்டில் நின்ற வண்டி என்றால் இதை இரண்டு முறை செய்யுங்கள். வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கிவிடலாம், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையை எப்போதோ கற்றுக்கொண்டார்கள், புது வண்டி விற்பவர்கள் இன்னும் இல்லை.

பிறகு கையை விடுங்கள். பெல்ட் தானாக, முறுக்கில்லாமல் முழுவதும் உள்ளே போக வேண்டும். அடுத்து வெடுக்கென்று ஓர் இழுப்பு, பூட்ட வேண்டும். பெல்ட்டின் உலோக நாக்கைப் பக்கிளில் செருகினால் கிளிக் சத்தம் தெளிவாகக் கேட்டு, மேலே இழுத்தால் வரக் கூடாது. சிவப்புப் பட்டனை அழுத்தினால் துள்ளி வர வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் உறை பக்கிளின் வாயில் துணுக்காக மாட்டியிருப்பதைக் கவனியுங்கள். டிஸ்ப்ளேயில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பக்கிளுக்குள் மிட்டாய்த் தாள், நாணயம், பிஸ்கட் தூள் எல்லாம் இருக்கும். காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். பெல்ட் துணியைப் பளபளப்பாக்கும் ரசாயனத்தால் துடைக்கவும் கூடாது, வெதுவெதுப்பான நீரும் லேசான சோப்பும் போதும்.

கடைசியாகச் சாவியைப் போட்டு நினைவூட்டி விளக்கு எரிகிறதா, பெல்ட் போட்டதும் அணைகிறதா என்று ஒவ்வொரு முன்சீட்டுக்கும் பாருங்கள். டிஸ்ப்ளேயில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், கதவு திறந்து திறந்து விளக்கு எரிந்த விளைவு. பேட்டரியை ஏற்றாமல் செய்த சோதனையில் விளக்கு எரியாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் சுற்றும் அதில் அடக்கம். ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம், அதற்குள் வெடிமருந்து இருக்கிறது.

தயாரிப்பாளர் பெல்ட் தொடர்பாக ரீகால் அறிவித்தால் ஷோரூமில் நிற்கும் வண்டியை என்ன செய்வது?

விற்பனையை நிறுத்தி, சரிசெய்த பிறகே கொடுங்கள். இது கற்பனைச் சிக்கல் இல்லை. 2022 டிசம்பரில் மாருதி சுஸுகி, முன்சீட் பெல்ட்டின் தோள் உயரச் சரிப்பானில் குறை இருக்கலாம் என்று சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்.எல்.6, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் 9,125 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை அந்த நவம்பரில் தயாரானவை, அதாவது பல வண்டிகள் டீலர் யார்டைத் தாண்டியே இருக்காது. அடுத்த மாதமே பின்சீட் பெல்ட்டைப் பொருத்தும் பிராக்கெட்டுக்காக 11,177 கிராண்ட் விட்டாராக்கள் அழைக்கப்பட்டன.

அறிவிப்பு வந்த அன்றே யார்டு பட்டியலிலும் டிஸ்ப்ளே பட்டியலிலும் சேஸிஸ் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். டெமோ காரை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதுதான் தினமும் சாலையில் ஓடுகிறது.

குழந்தை இருக்கையை ஷோரூமில் வைத்துக் காட்டலாமா?

தாராளமாக. குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது என்று துண்டறிக்கையில் அச்சடிப்பதோடு நிறுத்தாமல், ஓர் இருக்கையை டிஸ்ப்ளே காரின் பின்சீட்டில் மாட்டியே வைத்தால் பெற்றோர் நின்று பார்ப்பார்கள். ஒன்றே ஒன்று: பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள், படம் எடுப்பதற்காகக் கூட. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது வீட்டில் அப்படியே மாட்டுவார்கள்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடலாமா என்றும் கேட்பார்கள். போட வேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே, தோள் பட்டி மார்புகளுக்கு நடுவே, வயிற்றுக்குப் பக்கவாட்டில்.

டிஸ்ப்ளே காருக்குள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெல்ட்டால் ஆபத்து உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரியாது. பெல்ட்டைக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு விளையாடுவார்கள். சில கார்களில் குழந்தை இருக்கையை இறுக்குவதற்காக, பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துவிட்டால் பிறகு உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. அது கழுத்தில் இருக்கும்போது பூட்டினால் இறுக்கிக்கொண்டே போகும். பக்கிளைக் கழற்றினால் சில நேரம் விடுபடும், இல்லையென்றால் வெட்டத்தான் வேண்டும். வரவேற்பு மேசை டிராயரில் ஒரு பெல்ட் வெட்டும் கத்தி இருக்கட்டும். சாவி டிஸ்ப்ளே வண்டிக்குள் இருக்கக் கூடாது. பெற்றோர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், பெரிய ஷோரூம்களில் வரைபடத் தாளும் கிரேயானும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பூ, ரிப்பன், போர்வை போட்டு மூடும் அலங்காரத்தில் பெல்ட்டுக்கு ஏதாவது விதி?

தனி விதி இல்லை. ரிப்பனைப் பெல்ட் வளையத்தில் கட்டாதீர்கள், மாலையைப் பக்கிள் மேல் போடாதீர்கள். சாமந்தி இதழ் உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு.

மால் அல்லது கண்காட்சியில் காரை நிறுத்தும்போது?

அங்கே எரிபொருளைக் குறைக்கச் சொல்வார்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வார்கள். அது தீயணைப்பு தொடர்பானது. பேட்டரி கழற்றிய வண்டியில் நினைவூட்டி வேலை செய்யாது என்பதைப் பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். வண்டியை மாலுக்குள் தள்ளியோ ஓட்டியோ கொண்டுபோகும் நள்ளிரவு வேலையில் ஸ்டீயரிங் பிடிப்பவர் பெல்ட் போட வேண்டும். வழவழப்பான தரை, குறுகிய திருப்பம், இருபுறமும் கண்ணாடிக் கடைகள். திரும்ப யார்டுக்கு வந்ததும் அந்த வண்டிக்கு மேலே சொன்ன பெல்ட் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள், ஒரு வாரத்தில் ஆயிரம் கைகள் அதை இழுத்திருக்கும்.